யாவே எப்போது ‘ஒரே கடவுள்’ ஆனார்? இயேசு எப்போது அந்த இடத்துக்குள் வந்தார்?

#1 சுவடித்தூசி

வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார்: “யூதர்கள் ஆதியிலிருந்தே ஒரே கடவுளைக் கும்பிட்டவர்கள். கிறிஸ்தவர்கள்தான் அதை மூன்றாக்கினார்கள்.” அங்கே பதில் சொன்னால் பேச்சு தடம் மாறும், அதனால் இந்தத் தனி இழை. அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் தவறு என்பது என் கட்சி.

முதல் பாதியை இப்போது பார்ப்போம். யாவே என்பது இஸ்ரவேலின் கடவுளுடைய பெயர், தமிழ் பைபிளில் ‘கர்த்தர்’. சிரியக் கடற்கரையில் உகாரித் என்றொரு நகரம், கி.மு. 1200 வாக்கில் அழிந்தது. 1929இல் தோண்ட ஆரம்பித்தபோது களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ‘எல்’ என்ற முதிய கடவுள் தேவசபைக்குத் தலைவர். அவர் துணைவி அதிரத், அவளுக்கு எழுபது பிள்ளைகள். பாகால் அந்தச் சபையின் இளைய வீரன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உபாகமம் 32:8-9ஐப் படியுங்கள். உன்னதமானவர் சனங்களுக்குப் பூமியைப் பங்குபோடுகிறார்; யாக்கோபு யாவேயின் பங்காக வருகிறது. நாம் வழக்கமாகப் படிக்கும் பைபிளில் எல்லைகள் ‘இஸ்ரவேல் புத்திரருடைய’ தொகைப்படி வகுக்கப்பட்டதாக இருக்கும். சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய எபிரேயத் துண்டில் அதே இடத்தில் ‘தேவ புத்திரர்’ என்று இருக்கிறது. சனத்துக்கு ஒரு தேவன், அதில் இஸ்ரவேலுக்கு யாவே என்ற கணக்கு அது. ஆதியாகமம் 10இல் எண்ணினால் சனங்களும் எழுபது. இங்கே உன்னதமானவரும் யாவேயும் இருவரா ஒருவரா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் மற்ற சனங்களுக்கும் தேவர்கள் உண்டு என்ற எண்ணம் அந்த வரியில் அப்பட்டமாகத் தெரிகிறது.

இன்னும் சில: யெப்தா அம்மோன் ராஜாவிடம், உன் தேவன் காமோஸ் கொடுப்பதை நீ வைத்துக்கொள், எங்கள் தேவன் கொடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்கிறான் (நியாயாதிபதிகள் 11:24). தாவீது, என்னைக் கர்த்தருடைய நிலத்திலிருந்து விரட்டுவது ‘போய் வேறு தேவர்களைச் சேவி’ என்று சொல்வதற்குச் சமம் என்று புலம்புகிறான் (1 சாமுவேல் 26:19). சிரியாவின் நாகமான் குணமான பிறகு, ஊரில் போய் யாவேயைக் கும்பிட இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்கிறான் (2 இராஜாக்கள் 5:17). இந்தக் கடவுளுக்குத் தன் மண் வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடி வாங்கிக்கொள்கிறேன், வாருங்கள்.

#2 எஸ்தர்_நெல்லை

அடிக்கத்தான் வந்தேன் ஐயா. சிறுவயதிலிருந்து வேதம் வாசிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் வசனங்களைப் பேசுகிறவன் யார் என்று பார்க்காமல் எடுக்கிறீர்கள். யெப்தா எதிரி ராஜாவிடம் தூது பேசுகிறான், எதிரியின் நம்பிக்கையை வைத்தே அவனை மடக்குகிறான். நாகமான் புறஜாதியான், அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். இஸ்ரவேலர் மற்ற தேவர்களைக் கும்பிட்டார்கள் என்பதை வேதமே ஒளிக்கவில்லையே! எரேமியா 44இல் எகிப்துக்குப் போன யூதப் பெண்கள் நேருக்கு நேர் சண்டை போடுகிறார்கள்: வானராக்கினிக்குப் படைத்தவரை எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, நிறுத்தினோம், எல்லாம் போயிற்று என்று. ஜனங்கள் செய்ததும் வேதம் போதித்ததும் ஒன்றல்ல.

#3 சுவடித்தூசி

எரேமியா 44ஐ நீங்கள் கொண்டுவந்தது எனக்குச் சந்தோஷம், அந்தப் பெண்களின் வாதம் பைபிளில் எனக்கு மிகப் பிடித்த எதிர்க்குரல்களில் ஒன்று. யெப்தாவையும் நாகமானையும் நீங்கள் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். ஆனால் 2 இராஜாக்கள் 3:27இல் பேசுவது யார்? இஸ்ரவேல் மோவாபை முற்றுகையிடுகிறது. மோவாப் ராஜா மேசா தன் மூத்த மகனை மதில்மேல் பலியிடுகிறான். உடனே இஸ்ரவேல்மேல் கடுங்கோபம் மூண்டது, அவர்கள் ஊர் திரும்பினார்கள் என்று நூலாசிரியரே எழுதுகிறார். யாருடைய கோபம் என்று சொல்லாமல் நழுவுகிறார். பலி வாங்கிய தேவனுடைய கோபம் என்று எடுப்பதுதான் இயல்பான வாசிப்பு. இதே மேசா தன் தரப்பைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான், 1868இல் கிடைத்தது, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தார், அதனால் இஸ்ரவேல் எங்களை ஒடுக்கியது, பிறகு மனம் இரங்கினார் என்று அதில் வரும். காமோஸ் என்ற பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் நியாயாதிபதிகள் புத்தகம் என்றே நினைப்பீர்கள்.

மக்கள் வழக்கு பற்றி. சீனாய்ப் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76இல் தோண்டினார்கள். கி.மு. 800ஐ ஒட்டிய பெரிய சாடிகளில் மையால் எழுதிய ஆசீர்வாதம்: ‘சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்’ உன்னை ஆசீர்வதிக்கட்டும். இந்த அசேரா தேவியா, தேவிக்குரிய மரக்கம்பமா என்பதில் சண்டை தீரவில்லை. எப்படியானாலும் எழுதியவன் யாவேயை விட்டுவிட்டு வேறு கடவுளிடம் போனவன் இல்லை. யாவேயின் பெயரால்தான் வாழ்த்துகிறான். எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அசேரா நின்றிருக்கிறது. கி.மு. 622 வாக்கில் யோசியா ராஜா அதைத் தூக்கிக் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்தான் (2 இராஜாக்கள் 23:6, பழைய தமிழ் பைபிளில் ‘தோப்பு விக்கிரகம்’). யோசியாவைப் போன்றவர்களின் பார்வையில் தொகுக்கப்பட்ட புத்தகம் இது, அதனால் மற்றவர்கள் எல்லாரும் வழிதவறியவர்களாகத் தெரிகிறார்கள்.

இன்னொன்று, இது எனக்குத் தனி ஆசை: எகிப்தில் அசுவானுக்குப் பக்கத்தில் எலிபன்டைன் தீவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் படையில் வேலை பார்த்த யூதக் குடியிருப்பு. அவர்களுக்கு அங்கேயே யாகோவுக்கு (யாவேயை அவர்கள் அழைத்த பெயர்) ஒரு கோயில், பலியும் உண்டு. கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டபோது, கட்ட உதவி கேட்டு யூதேயா ஆளுநருக்கே கடிதம் எழுதினார்கள், எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல். அவர்களுடைய காணிக்கைக் கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. யாகோவுக்கு 12 கர்ஷ் 6 சேக்கல் (வெள்ளி எடைகள், 10 சேக்கல் ஒரு கர்ஷ்), எஷெம்பெத்தேல் என்ற தேவனுக்கு 7 கர்ஷ், அனாத்பெத்தேல் தேவிக்கு 12 கர்ஷ். தேவிக்கும் யாகோவுக்கும் கிட்டத்தட்டச் சரிசமம்!

#4 கணியன்_பேரன்

செம்ம இழை. ஆனா ஒண்ணு புரியல அண்ணே. அப்படியே விட்டிருந்தா யாவேயும் காமோஸ் மாதிரி காணாமப் போயிருக்கணும்ல? கோயிலை இடிச்சாச்சு, ராஜாவைப் பிடிச்சுக்கிட்டுப் போயாச்சு. தோத்துப்போன கடவுளை எவன் கும்பிடுவான்? அவர் மட்டும் எப்படித் தப்பிச்சார்?

(நம்ம ஊர்ல முருகன் ஸ்கந்தனோட சேர்ந்த கதை மாதிரியேதான இதுவும்?)

#5 மட்டுறுத்துநர்

அடைப்புக்குறிக்குள் இருப்பதற்கு வேறு இழை உண்டு, 40 பக்கம் ஓடிவிட்டது. இங்கே வேண்டாம்.

#6 சுவடித்தூசி

கணியன், இந்த விஷயத்தின் முடிச்சே நீங்கள் கேட்டதுதான். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்து, மக்களைச் சிறைபிடித்துப் போனார்கள். அந்தக் காலத்து நியாயப்படி பாபிலோனின் கடவுள் மர்துக் ஜெயித்தார், யாவே தோற்றார். இதிலிருந்து வெளியே வர ஒரே வழிதான்: எங்கள் கடவுள் தோற்கவில்லை, எங்களைத் தண்டிக்க பாபிலோனை அனுப்பியதே அவர்தான். இப்படிச் சொன்னவுடன் பாபிலோனும் அவர் கைக்குள் வந்துவிடுகிறது. தோல்வியிலிருந்துதான் உலகக் கடவுள் பிறக்கிறார். எசேக்கியேல் சிறைப்பட்டவர்களோடு பாபிலோன் நாட்டு ஆற்றங்கரையில் இருக்கும்போது காணும் தரிசனத்தில் கடவுளின் சிம்மாசனத்துக்குச் சக்கரம் இருக்கிறது. நாகமானுக்குத் தேவைப்பட்ட மண் இனி தேவையில்லை.

அடுத்து ஏசாயா 40 முதல் 55 வரை. இதை எழுதியவர் 8ஆம் நூற்றாண்டு ஏசாயா அல்ல, சிறையிருப்பின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த பெயர் தெரியாத ஒருவர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எஸ்தர் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை. 45ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள், பின்னாலும் தேவைப்படும். முதல் வசனத்தில் கோரேசு என்ற பாரசீக ராஜாவை ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ என்கிறார், அதாவது மேசியா. ஐந்தாவதில் ‘என்னைத்தவிர தேவன் இல்லை’. சங்கீதம் 82இல் ‘தேவசபையிலே தேவன் எழுந்தருளியிருக்கிறார், தேவர்களின் நடுவிலே அவர் நியாயம் விசாரிக்கிறார்’ என்று இருந்த சபை இங்கே காலி. மற்றவை மரமும் உலோகமும்தான்.

ஆனால் சபையைக் கலைத்ததற்கு ஒரு விலை உண்டு, அது ஏழாவது வசனத்தில் இருக்கிறது: ‘ஒளியைப் படைத்து, இருளையும் உண்டாக்கினேன், சமாதானத்தைப் படைத்து தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே.’ ஒருவர் மட்டுமே இருந்தால் தீமைக்கும் அவரே பொறுப்பு. இந்தத் தீர்க்கதரிசி கண்ணை மூடாமல் அதைச் சொல்லிவிட்டார். பின்னால் வந்தவர்களால் முடியவில்லை. அதற்கு அத்தாட்சி தாவீது எடுத்த குடிமதிப்புக் கதை. 2 சாமுவேல் 24:1இல் தாவீதை அந்தப் பாவத்துக்கு ஏவுவது கர்த்தருடைய கோபம். அதே கதையை நூற்றாண்டுகள் கழித்துத் திரும்ப எழுதிய 1 நாளாகமம் 21:1இல் ஏவியது சாத்தான். யோபு புத்தகத்தில் கடவுளின் தர்பாரில் குற்றஞ்சாட்டும் உத்தியோகம் பார்த்தவன், மெல்ல மெல்ல எதிர்க்கட்சித் தலைவனாகிறான்.

மரணத்துக்குப் பிறகான நீதியும் இப்படி வந்ததே. பழைய சங்கீதங்களில் செத்தவர்கள் பாதாளத்தில் கடவுளைத் துதிப்பதுகூட இல்லை (6:5). கி.மு. 167இல் யூதேயாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோக்கஸ் நியாயப்பிரமாணத்தைத் தடைசெய்து, அதைக் கைக்கொண்டவர்களையே கொன்றான். கீழ்ப்படிந்தவன் சாகிறான், மீறியவன் பிழைக்கிறான் என்றால் இவ்வுலகில் கணக்கு நேராகாது. அந்தச் சமயத்தில் எழுந்த தானியேல் 12:2இல் மண்ணில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கிறார்கள். இயேசு பிறப்பதற்கு முன்பே சாத்தான், உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு எல்லாம் தயார். கிறிஸ்தவம் புதிதாகக் கொண்டுவந்ததாக நினைக்கும் பாதிச் சரக்கு யூதக் கிடங்கிலிருந்து வந்தது.

#7 காயல்_காற்று

சகோதரரே, எழுத்து அருமை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தாலே என் கேள்வி வலுக்கிறது. ஏசாயா 45 வரை வந்து சேர்ந்த யூதர்கள் அதற்குப் பிறகு ஏகத்துவத்தில் உறுதியாகத்தானே நின்றார்கள்? ஈசா நபியும் அந்தச் சமூகத்தில் வந்தவர்தான். மாற்கு 10:18இல் அவரே ‘நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன், தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லை’ என்கிறார். எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவர்கள் அவரை மனிதராகவே நம்பினார்கள், இரேனேயு போன்ற திருச்சபைப் பிதாக்களே அவர்களைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மாற்றியது பவுல்தானே? கிரேக்கர்களுக்கு ஏற்றமாதிரி?

#8 எஸ்தர்_நெல்லை

பவுலுக்கு முன்னாடியே இருந்தது பாய். பவுல் 1 கொரிந்தியர் கடிதத்தைக் கிரேக்கத்தில் எழுதுகிறார், ஆனால் கடைசியில் (16:22) ‘மாரநாதா’ என்று அரமேயு மொழியில் ஒரு சொல்லை அப்படியே விடுகிறார். எங்கள் ஆண்டவரே வாரும் என்று அர்த்தம். கிரேக்கரைக் கவர நினைத்தவர் அரமேயு மொழியில் ஏன் ஜெபிக்கிறார்? அது அரமேயு பேசிய முதல் விசுவாசிகளின் ஜெபம், கொரிந்துவரை வந்திருக்கிறது. அந்தக் கடிதம் கி.பி. 50களின் நடுப்பகுதி. சிலுவைக்குப் பிறகு சுமார் இருபது இருபத்தைந்து வருஷம்.

அதே கடிதம் 8:6ஐப் பாருங்கள். ‘இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்’ என்று யூதர் தினமும் சொல்லும் அறிக்கையைப் பவுல் எடுத்து, பிதாவாகிய ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்று இரண்டு பேரை அதற்குள்ளேயே வைக்கிறார். யாரும் ‘இது என்ன புதுசு’ என்று எதிர்த்ததாக அவர் கடிதங்களில் இல்லை. விருத்தசேதனத்துக்கு எவ்வளவு சண்டை! சாப்பாட்டுக்கு எவ்வளவு சண்டை! இதற்குச் சண்டையே இல்லை.

சுவடித்தூசி ஐயா ஏசாயா 45ஐத் திறந்து வைக்கச் சொன்னாரே, 23ஆம் வசனத்துக்கு வாருங்கள். முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்று கர்த்தர் தம்மேல் ஆணையிடுகிறார். பிலிப்பியர் 2:10இல் அதே முழங்கால் இயேசுவின் நாமத்துக்கு முடங்குகிறது. வேறு தேவன் இல்லை என்று மிகக் கண்டிப்பாகச் சொன்ன அதிகாரத்திலிருந்தே எடுத்திருக்கிறார். தெரியாமல் எடுத்தாரா?

#9 சுவடித்தூசி

எஸ்தரோடு இந்த இடத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன், காரணம் மட்டும் வேறு. காயல் சகோ, ‘ஏகத்துவத்தில் உறுதியாக நின்றார்கள்’ என்பது வழிபாட்டளவில் உண்மை: பலி ஒருவருக்குத்தான். ஆனால் பரலோகம் காலியாக இருக்கவில்லை. கலைத்த சபையில் ஒரு நாற்காலி திரும்பத் திரும்ப முளைக்கிறது.

தானியேல் 7:9இல் ‘சிங்காசனங்கள்’ வைக்கப்படுகின்றன, பன்மையில். நீண்ட ஆயுசுள்ளவர், அதாவது கடவுள், ஒன்றில் உட்காருகிறார். பிறகு மேகங்களோடு மனுஷகுமாரனுக்கு ஒப்பான ஒருவர் வந்து நித்திய ஆளுகையைப் பெறுகிறார். இன்னொரு சிங்காசனம் யாருக்கு? கி.பி. 135 வாக்கில் இறந்த பெரிய ரபி (யூத மத ஆசான்) அகிவா, ஒன்று கடவுளுக்கு, ஒன்று தாவீதுக்கு, அதாவது மேசியாவுக்கு என்று சொன்னதாக ரபிகளின் பெருந்தொகுப்பான டால்முட் பதிகிறது. உடனே கலிலேய ரபி யோசே சீறுகிறார்: அகிவா, எதுவரைக்கும் தேவமகிமையைக் கேவலப்படுத்துவாய்? ஒன்று நீதிக்கு, ஒன்று இரக்கத்துக்கு. இந்தச் சண்டை யூதர் வீட்டுக்குள் நடப்பது, கிறிஸ்தவர் யாரும் பக்கத்தில் இல்லை.

அலெக்சாந்திரியாவின் ஃபிலோ, இயேசுவின் சமகாலத்தவர், ஆசாரமான யூதர். கடவுளின் வார்த்தையை ‘இரண்டாம் கடவுள்’ என்று ஓரிடத்தில் எழுதுகிறார். நீதிமொழிகள் 8இல் உலகம் உண்டாகும்போது ஞானம் கடவுளின் பக்கத்தில் நிற்கிறாள். சாக்கடல் பக்கத்துக் குமரான் குகைச் சுருள் ஒன்று, சங்கீதம் 82இல் நியாயம் விசாரிக்கும் அந்தத் ‘தேவன்’ ஆதியாகமத்தில் வரும் ஆசாரிய ராஜா மெல்கிசேதேக் என்கிறது! பிற்காலத்தில் மெத்தத்ரோன் என்ற தூதன் ‘சின்ன யாவே’ என்று பட்டம் வாங்குகிறான். டால்முட்டில் எலிசா பென் அபூயா என்ற ரபி அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒருவேளை இரண்டு வல்லமைகளோ என்று சொல்லித்தான் விசுவாசத்தை விட்டுப் போகிறார். தூதன் சாட்டையடி வாங்குகிறான். எனக்கு எப்போதும் அந்தத் தூதன்மேல் பரிதாபம்.

ஆக, கடவுளுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஒருவர் என்பது கிறிஸ்தவப் புதுமை இல்லை. அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்பதுதான் புதுமை. தூதனில்லை, ஆதிகாலத்து மெல்கிசேதேக்கும் இல்லை. போன தலைமுறையில் ரோமர்கள் அடிமைகளுக்குக் கொடுக்கும் தண்டனையால் கொன்ற ஒரு கலிலேயர். உபாகமம் 21:23 மரத்தில் தூக்கப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்கிறது. அந்தச் சபிக்கப்பட்டவனுக்கு ஜெபம் பண்ணினார்கள், பாட்டுப் பாடினார்கள். ஃபிலோ தன் இரண்டாம் கடவுளுக்கு ஒரு பாட்டும் பாடவில்லை. 112 வாக்கில் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று இருக்கிறது.

கிறிஸ்தவர்கள் அந்த நாற்காலியை இயேசுவுக்குக் கொடுத்ததும், ரபிகள் நாற்காலியையே அறையைவிட்டு எடுக்கத் தொடங்கினார்கள். ‘பரலோகத்தில் இரண்டு வல்லமைகள்’ என்பது அவர்களுக்கு மதவிரோதத்தின் பெயராயிற்று. நாம் இன்று யூத ஏகத்துவம் என்று நினைப்பதன் கறார்த்தன்மையில் ஒரு பங்கு, கிறிஸ்தவத்துக்குப் பதிலாக வந்தது. தாய் மகள் உறவு என்பதைவிட, ஒரே சொத்தைப் பங்கு பிரித்த இரண்டு பேர் என்பது பொருத்தம்.

#10 கணியன்_பேரன்

எல்லாம் சரி, ஆனா கடைசில ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325ல நிசேயாவுல பிஷப்மார் கூட்டத்துல ஓட்டெடுப்பு நடத்தித்தானே இயேசுவைக் கடவுள் ஆக்கினார்? யூடியூப்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர், அதுவும் அப்பதான் மாத்துனாங்களாம்.

#11 எஸ்தர்_நெல்லை

தம்பி, ரெண்டாவதுக்கு நான் பதில் சொல்கிறேன். அந்தக் கோபக்காரர்–அன்பானவர் கதையைச் சொன்ன மார்கியோனை ரோமச் சபை 144லேயே வெளியேற்றிவிட்டது. யாத்திராகமம் 34:6ஐ வாசி: இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும். ஓசியா 11ஐ வாசி. அப்புறம் வெளிப்படுத்தின விசேஷத்தை வாசித்துவிட்டு, யார் கோபக்காரர் என்று வந்து சொல்லு.

#12 சுவடித்தூசி

முதலாவது: நிசேயாவில் சண்டை போட்ட இரண்டு தரப்புமே இயேசுவை வணங்கியவர்கள். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியூஸும்தான். குமாரன் எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், ஆனால் அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது, அவர் பிதாவால் உண்டானவர் என்பது ஆரியூஸ் கட்சி. இல்லை, பிதாவின் தன்மையே அவர் தன்மை என்பது மறுதரப்பு. ஆரியூஸைவிட்டுக் கடைசிவரை விலகாமல் நாடுகடத்தப்பட்ட பிஷப்கள் இருவர்தான்.

யூடியூப்காரர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். 325இல் எதுவும் முடியவில்லை. நிசேயாவைக் காத்து நின்ற அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியூஸ் ஐந்து முறை ஊரைவிட்டு விரட்டப்பட்டார். கான்ஸ்டன்டைன் 337இல் சாகுமுன் ஞானஸ்நானம் வாங்கியது ஆரியூஸுக்கு ஆதரவாயிருந்த நிக்கோமேதியா பிஷப் யூசேபியஸிடம். அவர் மகன் கான்ஸ்டான்டியஸ் நிசேயாவுக்கு எதிர்க்கட்சி. பேரரசர் உத்தரவில் முடிந்த விஷயமென்றால் இன்று சபைகள் ஆரியூஸ் பக்கம் இருந்திருக்க வேண்டும்.

ஆரியூஸின் கணக்கு ஒருவகையில் பழைய தேவசபைக் கணக்குத்தான்: உச்சத்தில் ஒருவர், அவருக்குக் கீழே படிப்படியாக. 150களில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர்கூட ட்ரிஃபோ என்ற யூதரோடு நடத்திய வாதத்தில் கிறிஸ்துவை ‘வேறொரு கடவுள்’ என்று தாராளமாகச் சொல்ல முடிந்தது. நிசேயா அந்தப் படிக்கட்டை இடித்தது. படைத்தவர், படைக்கப்பட்டது, நடுவில் எவரும் இல்லை. இயேசு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல். ஏசாயா 45 கேட்ட கேள்வியேதான் இது. என் பார்வையில் திரித்துவம் என்பது ஏகத்துவத்தைக் கைவிட்டதால் வந்ததல்ல, அதைக் கைவிட மறுத்ததால் வந்த சிக்கல். சிக்கல் தீர்ந்ததா என்பதில் எனக்கும் எஸ்தருக்கும் ஒத்துவராது.

#13 காயல்_காற்று

தீரவில்லை என்பதே என் கருத்து, அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு பேச்சிலும் பரிசுத்த ஆவியைப் பற்றி யாருமே பேசவில்லையே? நிசேயா என்ன சொன்னது?

#14 சுவடித்தூசி

நிசேயாவும் பேசவில்லை. 325 அறிக்கையில் ஆவியைப் பற்றி ‘பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்’ என்பதோடு சரி. அரை நூற்றாண்டு கழித்துத்தான் சண்டை அங்கே வந்தது. செசரியாவின் பசிலியு ஆவிக்காகவே ஒரு நூல் எழுதினார், அதிலும் ஆவியை நேரடியாகக் ‘கடவுள்’ என்று சொல்லாமல் கவனமாக நடந்தார். 381இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கூடிய பிஷப்கள் அறிக்கையில் சேர்த்த வரிகளும் அப்படியே: ஆண்டவர், உயிர் கொடுப்பவர், பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து வணங்கப்படுபவர். குமாரனுக்குச் சொன்ன ‘ஒரே தன்மை’ ஆவிக்கு அதில் கிடையாது.

#15 எஸ்தர்_நெல்லை

‘சேர்த்து வணங்கப்படுபவர்’ என்ற பிறகு வேறென்ன வேண்டும் ஐயா? ஆராதனையில் முதலில் வந்தது, வார்த்தை பின்னால் வந்தது. மாரநாதாவும் அப்படித்தானே. 1 யோவான் 5:7ஐ மட்டும் யாரும் ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள், ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்ற வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு 1522இல்தான் சேர்த்தார். எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் இன்னும் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனமாகவே கொடுப்பார்கள்.

#16 கணியன்_பேரன்

அக்கா நீங்களே சொல்லிட்டீங்களா! சரி, எலிபன்டைன் காணிக்கைக் கணக்கு முழுசா எங்கயாவது படிக்கக் கிடைக்குமா அண்ணே? யார் யார் எவ்வளவு போட்டாங்கன்னு பேரோட இருக்குமா?

#17 சுவடித்தூசி

பேரோடு இருக்கும், ஆளுக்கு 2 சேக்கல். கொடுத்தவர்களில் பெண்களும் நிறைய. அதற்கு இன்னொரு இழை தொடங்குகிறேன், அந்தத் தீவைப் பற்றியே பேச நிறைய இருக்கிறது.